கடலறிந்தார் சொல் அம்பலம் ஏறுமா?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சபையிலே செல்வம் பேசும், பதவி பேசும், பட்டம் பேசும். வறியவன் சொல் வாயிற்படியோடு நின்றுவிடும். இந்த மனக்குறையே அப்பழமொழியாக உருக்கொண்டது போலும். நமது திருகோணமலைக் கரையிலே வாழ்வார்க்கு இதற்குப் பொழிப்புரை வேண்டியதில்லை. கடலைப் பற்றியும் கரையைப் பற்றியும் எங்கெங்கோ சபைகள் கூடுகின்றன, தீர்மானங்கள் பிறக்கின்றன. அக்கடலிலேயே வளர்ந்து, அக்கடலிலேயே மூப்படைந்தவர்களின் சொல் அச்சபைகளை எட்டுவது அரிதாக இருக்கின்றது. இதனால் நட்டம் அடைபவர் யாவர் என்பதை இவ்வாரம் சற்றே ஆராய விரும்புகின்றோம்.

நமது துறைமுகத்தின் பெருமை உலகறிந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு நாட்டவர் இதன்மீது கண் வைத்தனர். 1782ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரென் இதனைக் கைப்பற்றினார். 1795இல் இது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1957இலேதான் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. வந்தவர்கள் யாவரும் கடலின் ஆழத்தை அளந்தார்கள், படம் வரைந்தார்கள். துறைமுகத்து வாயிலுக்கு அணித்தாகவே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிச் செல்கின்றது என்பதை இன்று பள்ளிக்கூட மாணவரும் அறிவர். அளவையாளர் வகுத்த இவ்வறிவை நாம் குறைத்து மதிப்பவர் அல்லோம். ஆனால், அவ்வளவையாளர் வருமுன்னரும், அவர்கள் கப்பலேறிப் போன பின்னரும், இதே கடலை நாள்தோறும் அளந்துகொண்டிருப்போர் வேறு சிலர் உளர்.

கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி முதலிய கரைகளிலே இதனைக் காணாதவர் இலர். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையிலே விட்டு, தோணியில் வலையை ஏற்றிச் சென்று, பிறை வடிவாகக் கடலிலே இறக்கி, மறு தலைப்பைக் கரைக்குக் கொண்டுவந்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். பார்ப்பதற்கு இது உடல் வலிமையைப் பொறுத்த தொழிலாகத் தோன்றும். ஆயின், வலை இழுபடும் நீளம் முழுவதும் கடலடி மணலாக இருத்தல் வேண்டும். ஒரு பாறை குறுக்கிட்டாலும் வலை கிழியும். எங்கே மணல், எங்கே பார், எந்த மாரிக்குப் பின் எந்த மணல் இடம் பெயர்ந்தது என்பதையெல்லாம் அறிந்தவரே வலை போடும் இடத்தைத் தீர்மானிக்கலாம். அவ்வாறு தீர்மானிக்கப்பட்ட கரைப்பகுதிக்குப் 'பாடு' என்று பெயர். ஒவ்வொரு பாடும் எழுதப்படாத ஒரு கடலடிப் படம். அதனை மனத்திலே வைத்திருப்பவருக்குக் கடலிலே தம்மிடத்தை அறியும் வழியும் தெரியும். கோணேசர் மலையையும், தூரத்துக் குன்றையும், கரைமரங்களையும் ஒன்றோடொன்று நேர்கோட்டிலே பொருத்திப் பார்த்து, "இன்ன இடத்திலே நிற்கின்றோம்" என்று அவர் துணிந்து சொல்வார்.

காற்றைப் பற்றிய அறிவும் அத்தகையதே. கொண்டல், வாடை, கச்சான், சோளகம் என்று நம்மவர் காற்றுக்கு இட்ட பெயர்கள் வெறும் திசைப்பெயர்கள் அல்ல. ஒவ்வொரு பெயரினுள்ளும் பருவமும், அலையின் குணமும், மீனின் வரவும் அடங்கிக் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவத்திலே மேற்குக் கரை கொந்தளிக்க, நமது கரையிலே கச்சான் வெப்பத்தோடு தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்தை எதிர்பார்த்தே நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்து தொழிலாளர் வந்து, நமது மாவட்டக் கரைகளிலே வாடி அமைத்துத் தங்குவர். மாரி தொடங்கியதும் அவர்கள் தம்மூர் மீள்வர். இரண்டு பருவமழைகளையும் கணக்கிட்டு, ஒரு தீவின் இரு கரைகளையும் மாறிமாறிப் பயன்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எந்தத் திணைக்களமும் வகுத்துக் கொடுக்கவில்லை.

அண்மையிலே கொட்டியாற்றுக் குடாவின் தென்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். "ஐயா, மீன் நிற்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் கையிலிருந்த நூலை விடாமலே மறுமொழி சொன்னார்:

"மீனை எங்கே தம்பி தேடுறது? தண்ணியின் நிறத்தைத் தேடுவோம், பறவையைத் தேடுவோம். ஆறு கலங்கி வந்தால் ஒரு கணக்கு, தெளிஞ்சு வந்தால் இன்னொரு கணக்கு. அப்பு எனக்குச் சொல்லித் தந்தார். நான் மகனுக்குச் சொல்லியிருக்கிறன். எழுதிக்கொண்டு போக மட்டும் இதுவரை ஒருத்தரும் வரவில்லை."

ஆறு என்று அவர் குறிப்பிட்டது மகாவலி கங்கையை. மலைநாட்டிலே பிறந்து இலங்கையின் மிக நீண்ட ஆறாக ஓடிவரும் மகாவலி, கொட்டியாற்றுக் குடாவிலேதான் கடலோடு கலக்கின்றது. அதன் கிளையாகிய வெருகல் ஆறு தெற்கே தனித்துப் பிரிந்து கடலை அடைகின்றது. ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் கழிமுகங்களிலும் கண்டற் காடுகளிலும் இறாற் குஞ்சுகள் வளர்கின்றன. வெள்ளம் வரும்போது அவை கடலை நோக்கி இறங்குகின்றன. உயிரியல் நூல்கள் இதனை இன்று விரிவாகக் கூறுகின்றன. "ஆறு கலங்கினால் ஒரு கணக்கு" என்ற முதியவரின் சொற்றொடரும் அதனையே சுருக்கிச் சொல்கின்றது. 1970களில் தொடங்கி மகாவலியின் நீர் அணைகளாலும் கால்வாய்களாலும் திசை திருப்பப்பட்டது. வயலுக்கும் மின்சாரத்துக்கும் அதனால் விளைந்த பயன் பெரிது. ஆற்றின் தலைப்பிலே செய்த மாற்றம் அதன் வாயிலே என்ன செய்தது என்று அறிய விரும்பினால், ஆண்டுதோறும் அவ்வாயிலே வலை போட்டவரைக் கேளாமல் வேறு யாரைக் கேட்பது?

இக்கரையிலே இவர்களுக்கும் மூத்த குடியினர் என்று சொல்லத்தக்கவர் ஒரு சாரார் உளர். மூதூருக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்று, வெருகல், அதற்கும் அப்பால் வாகரை வரையிலுமுள்ள சிற்றூர்களில் வேடர் வழிவந்த மக்கள் தமிழ் பேசி வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலிலே இக்கரையோர வேடரைத் தனியே குறிப்பிட்டிருக்கின்றனர். காட்டையும் களப்பையும் கடலையும் ஒருசேரப் பயன்கொள்ளும் வாழ்வு இவர்களுடையது. தேன் எப்போது, கிழங்கு எப்போது, மீன் எப்போது என்று காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு, வீட்டிலே வழிவழியாக வருவது. வேடர் என்றவுடன் மகியங்கனைக் காட்டையே நினைப்பவர் பலர். நமது மாவட்டத்திலேயே ஆதிக்குடிகளின் வழித்தோன்றல்கள் கடலோரத்திலே வாழ்கின்றார்கள் என்பதை நகரத்திலுள்ள நம்மவரே பலர் அறியார். 2007ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆதிக்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டபோது, இலங்கையும் அதனை ஆதரித்து வாக்களித்தது. தம்மைப் பாதிக்கும் தீர்மானங்களிலே பங்குகொள்ளும் உரிமை அப்பிரகடனத்தின் முக்கியமான கூறுகளுள் ஒன்று. நியூயோர்க்கிலே உயர்த்திய கை வெருகலை எட்டவேண்டுமன்றோ?

இனி, தீர்மானங்கள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதற்குச் சம்பூரின் கதையைக் காண்போம். 2006ஆம் ஆண்டிலே போரின் காரணமாகச் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் முடிவிலேயே அப்பகுதியில் நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்றை அமைக்க இலங்கை, இந்தியத் தரப்பினரிடையே உடன்பாடு ஏற்பட்டது. 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் சேர்ந்து கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தன. திட்டமிட்ட மின்வலு 500 மெகாவாற்று. ஊர்மக்களோ முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலங்கழித்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் கட்டங் கட்டமாக ஊர் திரும்பினர்.

நிலக்கரி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே விசாரிப்பது நமது நோக்கமன்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. இத்தகைய மின் நிலையம் தன் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல் நீரைப் பெருமளவில் உறிஞ்சி, வெப்பமேறிய நீரை மீண்டும் கடலிலே விடும். அந்த நீர் எத்திசையிலே பரவும், எந்த மாதத்தில் எந்த மீன்குஞ்சு அவ்விடத்திலே நிற்கும் என்பன அறியவேண்டிய கேள்விகள். அவற்றுக்கு ஒரு பங்கு விடை பகரக்கூடிய மக்கள் குடாவின் கரையிலே இல்லை, முகாமிலே இருந்தனர். கூனித்தீவு என்ற ஊரின் பெயரிலேயே கூனி இருக்கின்றது. கூனி இறாலைப் பெயரிலே தாங்கிய ஊரின் மக்கள் ஊரை விட்டு நீங்கியிருந்த காலத்திலேயே, அந்தக் கரையின் எதிர்காலம் ஆராயப்பட்டது. ஆய்வாளர் எவ்வளவு திறமையுடையவராயினும், கேட்பதற்கு ஆளில்லாத கரையிலே எதனைக் கேட்பார்?

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்திலே தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரிலே, அந்நிலையம் சம்பூரில் அமைக்கப்படமாட்டாது என்று அரச தரப்பு அறிவித்தது. பத்தாண்டுக் கால உழைப்பும் பணமும் அதனோடு முடிந்தன. 2025 ஏப்ரிலிலே அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. புகையில்லாத் திட்டம் என்பதனால் மகிழ்கின்றோம். ஆனால், எந்தத் திட்டமாயினும் மேய்ச்சல் தரை எது, மழைநீர் ஓடும் வழி எது, கடலுக்குச் செல்லும் பாதை எது என்று ஊராரைக் கேட்டுத் தொடங்குவது, பின்னர் வழக்காடுவதிலும் மலிவானது என்பது சம்பூர் கற்பித்த பாடம்.

"கடற்றொழிலாளர் சொல் அனுபவம், விஞ்ஞானமோ ஆதாரம். இரண்டும் எவ்வாறு ஒன்றாகும்?" என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடி நாம் வட துருவம் வரை செல்லவேண்டியிருக்கின்றது. வழித்துணையாக நமது கரைத் திமிங்கிலங்களே வருகின்றன.

கோணேசர் மலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலே நீலத் திமிங்கிலங்கள் உலவுகின்றன. 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. அதன் பின், 1980களின் தொடக்கத்திலே 'டியூலிப்' என்னும் பாய்க்கலத்திலே வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு அண்மையிலே இப்பேருயிர்களை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். நமது தோணிக்காரர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது.

அதே ஆணைக்குழு, அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1977இல், அலாஸ்காவின் வடகரையிலே இனுப்பியாக் மக்கள் வழிவழியாக நடத்திவந்த திமிங்கில வேட்டையைத் தடை செய்தது. அங்கே அவர்கள் வேட்டையாடுவது வில்தலைத் திமிங்கிலம். வில்லைப்போல் வளைந்த தாடையையுடையது. பனிக்கட்டியின் விளிம்பிலே நின்று எண்ணிய ஆய்வாளர்கள், அத்திமிங்கிலங்கள் ஏறத்தாழ 600 முதல் 2,000 வரையே எஞ்சியுள்ளன என மதிப்பிட்டனர். அவ்வளவு குறைந்திருந்தால் தடை விதிப்பது முறையே. ஆனால், வேட்டைக்காரர் அதனை ஏற்கவில்லை. "நீங்கள் திறந்த நீரிலே தெரிவனவற்றை மட்டும் எண்ணுகின்றீர்கள். திமிங்கிலங்கள் பனித்தட்டின் கீழேயும் செல்கின்றன, மெல்லிய பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடுகின்றன, உங்கள் கண்ணுக்கெட்டாத் தொலைவிலும் செல்கின்றன" என்பது அவர்கள் வாதம்.

இங்கே அவர்கள் செய்த செயல் கவனிக்கத்தக்கது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அவ்வாண்டிலேயே தமக்கென ஒரு திமிங்கில வேட்டை ஆணைக்குழுவை அமைத்தனர். அவ்வட்டாரத்து உள்ளூராட்சி மன்றம் விஞ்ஞானிகளை நியமித்தது. வேட்டைக்காரர் சொன்னவற்றை அவ்விஞ்ஞானிகள் புறந்தள்ளவும் இல்லை. அப்படியே ஒப்புக்கொள்ளவும் இல்லை. 1980களில் பனியின் கீழே நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கித் திமிங்கிலங்களின் குரலைக் கேட்டனர், வானூர்தியிலிருந்தும் பார்த்தனர். கண்ணுக்குத் தெரியாத திமிங்கிலங்கள் பனியின் கீழே கூட்டங் கூட்டமாகச் செல்வது காதுக்குத் தெரிந்தது. மதிப்பீடு உயர்ந்தது. 2001இல் அது 10,000ஐத் தாண்டியது. 2011இல் 16,000ஐயும் தாண்டியது. இடையிலே திமிங்கிலங்கள் பெருகியதும் உண்மை; தொடக்கத்திலே எண்ணும் முறை குறைபாடுடையதாக இருந்ததும் உண்மை. தடை நீங்கி, அளவிட்ட ஒதுக்கீட்டின்படி வேட்டை தொடர்ந்தது. இன்றும் அம்மக்கள் அவ்வொதுக்கீட்டைக் கடைப்பிடிக்கின்றனர்.

அனுபவம் எதை எங்கே தேடவேண்டும் என்று காட்டியது. கருவி அதனைச் சோதித்து உறுதி செய்தது. 1996இலே வட துருவ நாடுகள் தமக்கென ஒரு பேரவையை நிறுவியபோது, ஆதிக்குடிகளின் அமைப்புகளுக்கும் அதிலே நிரந்தரமாக இடமளித்தன. இன்று ஆறு அமைப்புகள் அவ்வாறு அமைச்சர்களோடு ஒரே மேசையிலே அமர்கின்றன. பனிக்கடலிலே நடந்தது நமது வெப்பக்கடலிலே நடவாது என்று சொல்வதற்குக் காரணம் ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும், மூத்தோர் சொல் யாவும் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதியை நம்மில் யார் மறப்பார்? அன்று நமது கரையிலே மிகுந்த அனுபவமுடையோரும் அலைக்கு இரையாயினர். அத்தகைய அலை நமது தலைமுறைகளின் நினைவிலே இல்லை. அதற்கு வழக்கிலே ஒரு பெயரும் இல்லாமையால், 'சுனாமி' என்ற யப்பானியச் சொல்லைக் கடன் வாங்கினோம். அதே நாளில், அலை பிறந்த இடத்துக்கு மிக அண்மையிலிருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவிலே, ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தவர் ஏழு பேர் மாத்திரமே. 1907ஆம் ஆண்டிலே அங்கே ஒரு பேரலை வந்திருந்தது. அதனை அவர்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, பாட்டிலும் கதையிலும் வைத்து, "நிலம் அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். தலைமுறை அறிவு தான் கண்டதை அறியும், காணாததை அறியாது. காணாததற்கு விஞ்ஞானம் வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் தேதி புரேவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரை கடந்தபோது, வானிலை நிலையத்தார் முன்னரே எச்சரித்திருந்தனர். தூரத்துக் கடலிலே உருவாகும் சுழலைச் செய்மதியே முதலிலே காணும். மேகத்தைப் பார்ப்பவர் பின்னரே காண்பார்.

கடற்றொழிலாளர் யாவரும் கடலின் காவலர் என்பதும் பொருந்தாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் வெடிபொருளால் மீன் பிடிப்பதைத் தடுக்கின்றது. அச்சட்டம் இருந்தும் நமது கடலிலே டைனமைற் வெடித்த ஓசை கேட்டதுண்டு, வெடித்தவரும் கடலறிந்தவரே. சுருக்குவலைக்காரர் நியாயம் ஒன்று; கரைவலைக்காரர் நியாயம் வேறொன்று. களப்பு முகத்துவாரத்தை எப்போது வெட்டித் திறப்பது என்ற கேள்வி எழுந்தால், வெள்ளத்திலே பயிர் மூழ்கும் கமக்காரர் ஒரு நாளைச் சொல்வார். களப்பிலே வலை போடுபவர் வேறொரு நாளைச் சொல்வார். ஆகவே, ஒருவரை அழைத்து ஒரு சொல் கேட்டுவிட்டு "மக்கள் கருத்தை அறிந்தோம்" என்று எழுதிவிடுதல் தகாது. பலரைக் கேட்டு, ஒப்பிட்டு, சோதித்து எடுக்கவேண்டும். விஞ்ஞானிகளின் கூற்றையும் நாம் அவ்வாறுதானே எடுக்கின்றோம்?

புறாத்தீவைப் பார்ப்போம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள இச்சிறு தீவு 1963இல் சரணாலயமாயிற்று. 2003இல், சூழவுள்ள பவளப்பாறைக் கடலோடு, தேசிய பூங்காவாக உயர்ந்தது. 1998இலே கடல் வெப்பமேறி, இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் பவளப்பாறைகள் வெளிறி மாண்டபோது, திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. அதன் பின்னர் வந்த வெப்பக் காலங்களிலே இவையும் வெளிறின. இத்தகைய பூங்காவிலே மீன் பிடித்தல் கூடாது என்பது நியாயமான விதி. ஆனால், வலையைத் தடுக்கும் விதி வலைக்காரரின் கண்ணையும் தடுத்துவிடலாகாது. இந்த ஆண்டு நீர் என்றும் இல்லாதவாறு சூடாக இருக்கின்றது, இந்தப் பக்கத்துப் பாறை நிறம் மாறுகின்றது, உல்லாசப் பயணிகள் இன்ன இடத்திலே மிதித்து உடைக்கின்றார்கள் என்று முதலிலே அறியக்கூடியவர் நாள்தோறும் அவ்வழியே போகின்றவரே. அவரைக் குற்றவாளியாக மட்டும் காணாமல், கூலி கொடுத்துக் காவலராகவும் கணக்கெடுப்பவராகவும் அமர்த்தினால் பூங்காவுக்கும் நன்மை. அவர் அடுப்புக்கும் நன்மை.

நமது சட்டங்களிலே இதற்கு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், 1988இலே அதற்குச் செய்த திருத்தமும், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை விதித்து, பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாள் அவகாசமும் கொடுத்திருக்கின்றன. மேலே குறிப்பிட்ட 1996ஆம் ஆண்டுச் சட்டமும், குறித்த கடற்பகுதிகளை முகாமைப் பகுதிகளாகப் பிரகடனம் செய்து, கடற்றொழிலாளர் குழுக்களை அமைக்க இடந்தருகின்றது. உலக உணவு விவசாய நிறுவனம் 2014இலே ஏற்றுக்கொண்ட சிறு கடற்றொழில் வழிகாட்டிகளும் பாரம்பரிய அறிவை மதிக்குமாறு அரசாங்கங்களைக் கேட்கின்றன. வாயில் இருக்கின்றது, வாயிற்படி உயர்ந்திருக்கின்றது. பருத்த அறிக்கையை அலுவலகத்திலே வைத்து, 30 நாளில் எழுத்திலே கருத்துத் தருக என்றால், விடியுமுன் கடலுக்குப் போய் வெயிலேறக் கரை சேர்பவர் எப்போது வாசிப்பார்? எதை எழுதுவார்? பொது விசாரணை நடத்துவதும் நடத்தாமையும் அதிகாரிகளின் விருப்பத்திலே தங்கியிருக்கின்றன.

ஆதலால், சிலவற்றை இங்கே வேண்டிக்கொள்கின்றோம். முதலாவது, கரையிலே எத்திட்டம் வரினும், ஆய்வு தொடங்குமுன்னரே அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தாரோடு இருந்து, பாடுகளையும் மீன் பெருகும் இடங்களையும் கண்டற் காடுகளையும் படத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். திட்டம் முடிவான பின்னர் கேட்பது மரியாதைக்குக் கேட்பதாகவே முடியும். இரண்டாவது, அறிக்கையின் சாரம் எளிய தமிழிலும் சிங்களத்திலும் துறையடியிலே வாய்மொழியாக எடுத்துரைக்கப்படவேண்டும். மறுமொழியும் வாய்மொழியாகவே பெறப்பட்டு எழுதப்படவேண்டும். மூன்றாவது, கூட்டத்தின் நாளைக் கடலின் பருவத்தைப் பார்த்துக் குறிக்கவேண்டும். கச்சான் காலத்திலே கடலில் இருப்பவரைக் கந்தோருக்கு அழைத்து, "வரவில்லை" என்று எழுதுவது நீதியன்று. நான்காவது, பெண்களையும் கேட்கவேண்டும். கரையிலே மீனைத் தரம் பிரிப்பவரும் கருவாடு போடுபவரும் களப்போரத்திலே மட்டி பொறுக்குபவரும் அவர்களே. எந்த மீன் சிறுத்தது, எது வரவு நின்றது என்பதை அவர்கள் கைகள் அறியும். ஐந்தாவது, வெருகல் பகுதி வேடர் வழியினரைப் போன்ற சிறு சமூகத்தாரைப் பெரிய சங்கங்களின் நிழலிலே மறைந்துபோக விடாமல், தனியே அழைத்துக் கேட்கவேண்டும்.

மாணவ நேயர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "எழுதிக்கொண்டு போக ஒருத்தரும் வரவில்லை" என்றாரே அம்முதியவர். அக்குறையைத் தீர்ப்பதற்குத் திணைக்களம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அயலிலோ கடலுக்குப் போய்வந்த ஒரு தாத்தா இருப்பார். கருவாட்டுப் பாய் விரித்த ஓர் ஆச்சி இருப்பார். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். காற்றுகளின் பெயர், அவை வீசும் மாதம், மீன்களின் பெயர், அவை வரும் காலம், முன்னர் இருந்து இப்போது காணாமற்போன மீன், முன்னர் கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கின்றது என்பனவற்றைக் கேட்டு, சொன்னவாறே எழுதுங்கள். தேதியும் இடமும் குறியுங்கள். அவர் சொல்லும் சொற்களை ஏட்டுத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். அச்சொற்களிலேதான் அறிவு தங்கியிருக்கின்றது. ஒரு வகுப்பிலே முப்பது பேர் இதனைச் செய்தால், ஒரு கரையின் நினைவு முப்பது கொப்பிகளிலே சேர்ந்துவிடும். விஞ்ஞான ஆசிரியர் அதனை வானிலைக் குறிப்புகளோடும் கடல் வெப்பக் குறிப்புகளோடும் ஒப்பிட்டுக் காட்டினால், அனுபவத்தைச் சோதிக்கும் பாடம் பள்ளியிலேயே தொடங்கிவிடும்.

இளைஞர் பலர் கடலை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்ற காலம் இது. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை, வயிற்றுப்பாடு பெரிது. ஆனால், தந்தை மகனுக்குச் சொல்லும் சங்கிலி ஓரிடத்திலே அறுந்தால், அதன் பின்னர் எந்த ஆணைக்குழு அழைத்தாலும் சொல்வதற்கு ஆள் இராது. பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்று நினைக்கும் கேள்விகளை இந்த மாரியிலேயே கேட்டுவைப்பது நன்று. வலைகள் கரையேறியிருக்கும், முதியோர் வீட்டிலே இருப்பர், பேசுவதற்கு நேரமும் இருக்கும்.